சைகைக் கருவி சொல்பேச்சு கேட்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கையசைவைக் கொண்டு திரையையோ கருவியையோ இயக்கும் எந்த அமைப்பிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில வேலைகள் நடக்கின்றன. சென்சார் அளக்கிறது, அந்த அளவீட்டில் கையும் உடலும் பின்னணியிலிருந்து பிரிக்கப்படுகின்றன, விரல், மணிக்கட்டு, முழங்கை முதலிய மூட்டுகளின் இடம் கணிக்கப்படுகிறது, அவற்றின் நகர்வு ஒரு சைகையா இல்லையா என்று நிரல் முடிவெடுக்கிறது, அந்த முடிவு திரையில் தெரிகிறது. இவற்றுள் எங்கே பிழை நேர்ந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றுதான்: கையை அசைத்தேன், எதுவும் நடக்கவில்லை. அதனாலேயே பலரும் நேராகச் சைகை அறியும் நிரலுக்குள் புகுந்து வரம்பு எண்களை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான கோளாறுகள் அதற்கு வெகு முன்பே, அளவீட்டிலேயே குடிகொண்டிருக்கின்றன. ஆகவே அறிகுறி எதுவாயினும் முதல் வேலை, கச்சா ஆழப்படத்தையோ (ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்குப் பதிலாகத் தொலைவைத் தாங்கிய படம்) கச்சா சென்சார் எண்களையோ திரையில் வரவழைத்துக் கண்ணால் பார்ப்பதுதான்.

கையிலிருக்கும் ஆழக் கேமரா எந்த முறையில் இயங்குகிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பொருந்தாது. 2010-இல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் கினெக்ட் கேமரா, அகச்சிவப்புப் புள்ளிகளாலான கோலத்தைக் காட்சியின் மீது வீசி, அக்கோலம் எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்பதிலிருந்து தொலைவைக் கணித்தது. 2013-இல் வந்த இரண்டாம் கினெக்ட், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளந்தது. ஒரு செ.மீ. தொலைவு வேறுபாடு என்பது ஏறத்தாழ 67 பிக்கோ விநாடி வேறுபாடு மட்டுமே என்பதால், அனுப்பிய ஒளியலைக்கும் திரும்பிய ஒளியலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை, அதாவது ஒன்று மற்றொன்றைவிட அலைச்சுற்றில் எவ்வளவு பிந்தியிருக்கிறது என்பதை, அளந்து நேரத்தைக் கணிப்பது இவ்வகைக் கேமராக்களின் வழக்கம். இன்டெல் ரியல்சென்ஸ் டி400 வரிசையோ, நம் இரு கண்களைப் போல, இரண்டு அகச்சிவப்புக் கேமராக்களின் படங்களை ஒப்பிட்டு ஆழம் காண்கிறது. இனி இம்மூன்றையும் புள்ளிக்கோல வகை, ஒளிப்பயண வகை, இரட்டைக் கேமரா வகை என்று குறிப்பிடலாம்.

அறிகுறி: கேமரா இணைந்திருக்கிறது, ஆனால் ஆழப்படம் வரவில்லை, அல்லது வந்து வந்து நின்றுவிடுகிறது

இதில் நிரலுக்குப் பங்கு குறைவு. 640×480 பிக்சலில், பிக்சலுக்கு 16 பிட் வீதம், விநாடிக்கு 30 ஃபிரேம் அனுப்பினால் ஆழப்படத்துக்கு மட்டும் சுமார் 147 மெகாபிட் தேவை. அதே கேபிளில் 1920×1080 வண்ணப்படத்தையும் சுருக்காமல் அனுப்பினால் மேலும் 1,000 மெகாபிட்டுக்கு அருகில் கூடுகிறது. யூஎஸ்பி 2.0-இன் உச்சவரம்பு 480 மெகாபிட்தான். எனவே கேமரா உண்மையில் யூஎஸ்பி 3 வேகத்தில்தான் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரம் குறைந்த நீட்டிப்புக் கேபிளாலோ, பல கருவிகள் பகிரும் ஹப்பினாலோ இணைப்பு ஓசையின்றி யூஎஸ்பி 2-க்கு இறங்கிவிடுவது சாதாரணமாக நடப்பது. கேமராவோடு வந்த கேபிளைக் கணினியின் சொந்த முனையில் நேரடியாகச் செருகி, வண்ணப்படத்தை நிறுத்திவிட்டு ஆழப்படத்தை மட்டும் ஓடவிடுங்கள். அப்போது சீராக வந்தால் குறை தரவுப்பாதையிலோ மின்வழங்கலிலோதான் இருக்கிறது.

அறிகுறி: ஆழப்படத்தில் கறுப்பு ஓட்டைகள், கையின் ஒரு பகுதி இல்லவே இல்லை

முதலில், அந்தக் கறுப்பு எதைக் குறிக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் ஒவ்வொரு பிக்சலும் மில்லிமீட்டரில் ஓர் எண். 0 என்பது 'தொலைவு பூச்சியம்' அன்று, 'இவ்விடத்தில் அளக்க முடியவில்லை' என்பதே அதன் பொருள். 'கேமராவுக்கு மிக அருகிலுள்ள புள்ளியே கை' என்று எழுதப்பட்ட நிரலில், 0 கொண்ட பிக்சல்களை விலக்க மறந்துவிட்டால், ஓட்டை தோன்றும் இடத்துக்கெல்லாம் கை தாவிக் குதிக்கும். கை அசையாதிருக்கும்போதும் சுட்டி திரையின் ஓரங்களுக்குப் பாய்கிறது என்றால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 0 நீங்கலான பிக்சல்களை மட்டும் எடுத்து, அவற்றுள்ளும் ஒற்றைப் புள்ளியை நம்பாமல், அருகிலுள்ள சிறு பரப்பின் நடு மதிப்பைப் பயன்படுத்தினால் இத்தாவல் நின்றுவிடும்.

ஓட்டை ஏன் விழுகிறது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது வெயில். இக்கேமராக்கள் பொதுவாக 830 முதல் 940 நானோமீட்டர் வரையுள்ள அண்மை அகச்சிவப்பில் இயங்குகின்றன. சூரிய ஒளியில் அந்தப் பட்டை ஏராளமாக இருப்பதால், சன்னலோரம் விழும் வெளிச்சத்தில் கேமரா வீசும் ஒளி மூழ்கிவிடுகிறது. குண்டு பல்பும் ஹாலஜன் விளக்கும் அதே தொல்லையைச் சிறிய அளவில் தருகின்றன. எல்இடி விளக்கு அனேகமாகத் தருவதில்லை. எனவே அறை கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பது இங்கே அளவுகோல் ஆகாது. அகச்சிவப்புப் படத்தைத் திறந்து, வெள்ளைவெளேர் என்று வெளுத்துப்போன பகுதிகள் உள்ளனவா என்று பாருங்கள். திரைச்சீலையை இழுத்ததும் ஓட்டை மறைந்தால் வேறு சோதனை தேவையில்லை. கேமராவைத் திருப்பி வைத்து, சன்னல் அதன் பார்வைக்குள் வராமலும், பயனர் மீது நேர் வெயில் விழாமலும் அமைத்துவிடுங்கள். கேமராவையே மாற்றும் வாய்ப்பிருந்தால், 940 நானோமீட்டரில் இயங்குவது மேல். வளிமண்டல நீராவி அந்தப் பட்டையை ஓரளவு உறிஞ்சிக்கொள்வதால் தரைக்கு வரும் வெயிலில் அது குறைவு.

அடுத்தது பரப்பின் தன்மை. கருங்கூந்தல், கறுப்புத் தோலாடை, வெல்வெட் போன்றவை அகச்சிவப்பை விழுங்கிவிடுகின்றன. கண்ணாடி ஊடே அனுப்பிவிடுகிறது. பளபளக்கும் உலோகமும் நிலைக்கண்ணாடியும் ஒளியை வேறு திசைக்குத் திருப்பிவிடுகின்றன. மணிக்கட்டில் பெரிய பளபளப்பான கடிகாரமோ வளையலோ இருக்கும்போது கையும் முன்கையும் இரு துண்டுகளாகப் பிரிந்து தெரிவதை ஆழப்படத்தில் தெளிவாகக் காணலாம். அதன் விளைவாக மூட்டுக் கணிப்பு அந்தக் கையையே கைவிட்டுவிடும். கழற்றிவிட்டு ஒருமுறை பார்ப்பது போதுமான சோதனை.

இரட்டைக் கேமரா வகையில் வெற்றுச் சுவர் முழுவதும் ஓட்டையாகத் தெரிந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அங்கே புள்ளியோ கோடோ இல்லை என்று பொருள். கேமராவின் அகச்சிவப்பு வீச்சு அணைந்திருக்கலாம். அதைச் சரிபார்க்கக் கேமராவுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கைப்பேசியின் கேமரா வழியாகப் பார்த்தால் பெரும்பாலும் மங்கிய ஊதா ஒளி தெரியும். அதே வகையில், கையை மிக அருகில் கொண்டுவரும்போது மட்டும் அது மறைகிறது என்றால், குறைந்தபட்சத் தொலைவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று பொருள். இங்கே பிரிதிறனைக் குறைத்தால் குறைந்தபட்சத் தொலைவும் குறையும்; இரு படங்களையும் ஒப்பிடும் தேடல் எல்லை பிக்சல் கணக்கில் நிலையானது என்பதே காரணம். மற்ற வகைகளில் இந்தச் சலுகை இல்லை: முதல் கினெக்ட் இயல்புநிலையில் 0.8 மீட்டருக்கு உள்ளேயும், இரண்டாவது 0.5 மீட்டருக்கு உள்ளேயும் அளக்காது.

கையை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் நிழல்போல் ஓடும் கறுப்புப் பட்டை பிழை அன்று. ஒளிவீச்சும் கேமராவும், அல்லது இரு கேமராக்களும், சற்றே விலகி அமைந்திருப்பதால் ஒன்றுக்குத் தெரிவது மற்றொன்றுக்கு மறைகிறது. அதை நீக்க முயன்று காலத்தை வீணாக்க வேண்டாம்.

அறிகுறி: ஆழம் கிடைக்கிறது, ஆனால் தொலைவு தவறு

ஒளிப்பயண வகையில் தொலைவிலுள்ள பொருள் மிக அருகில் இருப்பதாகக் காட்டினால் அது கட்டச் சுழற்சிப் பிழை: ஒரு முழு அலைச்சுற்று முடிந்ததும் கட்டக் கணக்கு மீண்டும் 0-விலிருந்து தொடங்கிவிடுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் துடிக்கும் ஒளிக்கு, குழப்பமின்றி அளக்கக்கூடிய எல்லை 1.5 மீட்டர், அதற்கு அப்பால் 2 மீட்டரில் உள்ளது 0.5 மீட்டரில் இருப்பதாகவே தோன்றும். கேமராக்கள் பல அதிர்வெண்களை மாற்றிமாற்றிப் பயன்படுத்தி இதைத் தீர்க்கின்றன என்றாலும், திரும்பும் ஒளி மிகவும் மங்கினால் அந்தத் தீர்வும் தடுமாறும். திரும்பிய ஒளியின் வலிமை ஒரு வரம்புக்குக் கீழே உள்ள பிக்சல்களை ஒதுக்கிவிடுவதே எளிய வழி.

மூலைச் சுவர்களும் வெள்ளை மேசைப்பரப்பும் வளைந்து உருண்டு தெரிந்தால், ஒளி ஒரு சுவரில் பட்டு மறு சுவருக்குத் தாவித் திரும்பியிருக்கிறது. பளிச்சிடும் மேசை மீது மங்கிய துணியை விரித்தாலே இது பெரிதும் அடங்கும்.

கையின் விளிம்பிலிருந்து சுவரை நோக்கித் தூசுபோல் புள்ளிகள் பறப்பது மற்றொரு வகை. ஒரே பிக்சலுக்குள் விரலும் சுவரும் பாதிப்பாதியாக விழும்போது, இரண்டுக்கும் இடைப்பட்ட, எங்கும் இல்லாத ஒரு தொலைவு பதிவாகிறது. முன்புறத்திலிருந்து பார்த்தால் இது தெரியாது. முப்பரிமாணப் புள்ளித்தொகுதியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். கையின் வெளிவரையை ஓரிரு பிக்சல் உள்நோக்கிச் செதுக்கிவிட்டு விரல்நுனியைக் கணித்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். இரட்டைக் கேமரா வகையிலோ பிழை தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது: 1 மீட்டரில் இருப்பதைவிட 2 மீட்டரில் 4 மடங்கு. அங்கே வடிகட்டியைத் தேடுவதைவிடப் பயனர் நிற்கும் இடத்தை முன்னுக்குக் கொண்டுவருவது பலனுள்ளது.

அறிகுறி: சுட்டி நடுங்குகிறது, நடுக்கத்தை அடக்கினால் கைக்குப் பின்னால் இழுபடுகிறது

சைகை அமைப்புகளில் மிகுதியாகக் கேட்கும் குறை இதுவே. நடுக்கமும் பின்னடைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் இதைத் தனித்தனியாகத் தீர்க்க முடியாது. கடைசி 5 ஃபிரேம்களின் சராசரியை எடுத்தால் நடுக்கம் குறையும். ஆனால் விநாடிக்கு 30 ஃபிரேமில் அது சுமார் 67 மில்லி விநாடித் தாமதத்தைக் கூட்டும். மெதுவாகச் சுட்டும் கைக்கு அது தெரியாது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் கைக்கோ, சுட்டி ஏறத்தாழ 7 செ.மீ. பின்தங்கி வருவதாகப் பொருள்.

எனவே நிலையான சராசரியைக் கைவிட்டு, வேகத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். காசியே, ரூசெல், வோகல் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட 'ஒரு யூரோ வடிகட்டி' இதற்கென்றே அமைந்தது. சில வரி நிரலில் எழுதிவிடலாம். அதில் சரிசெய்ய வேண்டியவை இரண்டு எண்கள் மட்டுமே: மெதுவான கையை எவ்வளவு மழுப்புவது என்று சொல்லும் குறைந்தபட்ச வெட்டு அதிர்வெண், வேகம் கூடும்போது மழுப்பலை எவ்வளவு தளர்த்துவது என்று சொல்லும் வேகக் கெழு. அவற்றைச் சரிசெய்யும் வரிசைதான் முக்கியம். முதலில் வேகத்துக்கான கெழுவை 0-வில் வைத்து, கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, குறைந்தபட்ச வெட்டு அதிர்வெண்ணை நடுக்கம் அடங்கும் வரை படிப்படியாகக் குறையுங்கள். இந்நிலையில் கையை வீசினால் சுட்டி கனமாக இழுபடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகு, கையை வேகமாக வீசிக்கொண்டே, இழுபாடு மறையும் வரை வேகக் கெழுவைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் மாலை வரை திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வடிகட்டியை முழுவதும் நீக்கிய பின்னும் தாமதம் குறையவில்லையானால், ஃபிரேம்கள் வரிசையில் தேங்குகின்றனவா என்று பாருங்கள். கணிப்புக்கு ஒரு ஃபிரேமுக்கு 45 மில்லி விநாடி ஆகிறது, கேமராவோ 33 மில்லி விநாடிக்கு ஒன்று தள்ளுகிறது என்றால், தேக்கம் நிமிடத்துக்கு நிமிடம் வளரும். தொடக்கத்தில் நன்றாக ஓடி, போகப்போக மந்தமாகும் அமைப்பில் இதுவே முதல் சந்தேகம். பழைய ஃபிரேம்களை எறிந்துவிட்டு எப்போதும் கடைசி ஃபிரேமை மட்டும் எடுக்குமாறு நிரலை மாற்ற வேண்டும்.

அறிகுறி: கை சட்டென்று காணாமல் போகிறது, அல்லது இடமும் வலமும் மாறிவிடுகின்றன

ஒற்றைக் கேமராவுக்கு முன்பக்கம் மட்டுமே தெரியும். உள்ளங்கை பக்கவாட்டில் திரும்பும்போதும், ஒரு கை மற்றொன்றை மறைக்கும்போதும், விரல் நேராகக் கேமராவை நோக்கி நீளும்போதும் பின்னாலுள்ள மூட்டுகள் ஊகத்தால் நிரப்பப்படுகின்றன. பல மென்பொருள் கட்டுகள் ஒவ்வொரு மூட்டுக்கும் 'கண்டது', 'ஊகித்தது' என்ற நிலையையோ நம்பக மதிப்பையோ சேர்த்தே தருகின்றன. அதைப் படிக்காமல் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். ஊகித்த மூட்டைக் கொண்டு எந்தச் செயலையும் தொடங்கக் கூடாது. தொடங்கிவிட்ட செயலைச் சில ஃபிரேம்கள் தாங்கிப் பிடிக்க மட்டும் அனுமதிக்கலாம்.

இடவலக் குழப்பம் எப்போதும் இருந்தால் படம் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. கைகளைக் குறுக்கே கொண்டுபோகும்போது மட்டும் நேர்ந்தால் அது மறைப்புப் பிழை. கேமராவைச் சற்று உயர்த்திச் சாய்த்து வைத்தால் பெரும்பாலும் சீராகும். ஆனால் அளவுக்கு மீறி உயர்த்திக் கூரையிலிருந்து நேர்கீழே பார்க்க வைத்தால், முன்னின்று பார்க்கும் உடலுக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட எலும்புக்கூட்டுக் கணிப்பு (மூட்டுகளின் இடத்தைக் காணும் நிரல்) முற்றிலும் குழம்பும்.

அறிகுறி: யாரும் சைகை செய்யாமலே செயல்கள் நடக்கின்றன

கட்டைவிரலும் சுட்டுவிரலும் நெருங்கினால் 'கிள்ளல்', அதுவே சொடுக்கு என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 20 மில்லிமீட்டர். பயனர் ஒருமுறை கிள்ளிப் பிடிக்கிறார். பதிவேட்டில் விரலிடைத் தொலைவு 31, 24, 19, 21, 18, 22, 19, 23, 17 என்று வருகிறது. மனிதக் கண்ணுக்கு இது ஒரே கிள்ளல். நிரலுக்கோ நான்கு சொடுக்குகள். வரம்பை 25 ஆக்கினாலும் 15 ஆக்கினாலும் அந்தப் புதிய எண்ணைச் சுற்றியே அதே தடுமாற்றம் நேரும். தேவைப்படுவது இரண்டு வரம்புகள்: 18-க்குக் கீழே போனால் கிள்ளல் தொடங்கட்டும், 30-ஐத் தாண்டினால் மட்டுமே விட்டதாகக் கொள்ளட்டும். இடையில் எவ்வளவு ஆடினாலும் நிலை மாறக் கூடாது. மேலேயுள்ள எண்களை இந்த விதியில் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றின் முடிவிலும் ஒரே ஒரு கிள்ளல், அதுவும் இறுதியில் 17-இல் தொடங்குகிறது. சற்றுத் தாமதம் என்று தோன்றினால் தொடக்க வரம்பை 20-க்கு ஏற்றலாம். அப்போது மூன்றாம் ஃபிரேமிலேயே தொடங்கிவிடும், எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும்.

இதைவிடக் கடினமானது, பயனர் தலையைச் சொறிவதையும், அருகிலிருப்பவரிடம் கையாட்டிப் பேசுவதையும் கட்டளையாக எடுத்துக்கொள்வது. மௌஸை விட்டுக் கையை எடுத்துவிடலாம். காற்றிலிருந்து கையை எங்கே எடுப்பது? ஆகவே 'இப்போது உன்னிடம்தான் பேசுகிறேன்' என்று கருவிக்குச் சொல்லும் ஒரு நுழைவு வேண்டும்: கை தோளுக்கு முன்னால் குறிப்பிட்ட தொலைவுக்கு நீண்டிருத்தல், உடல் திரையை நோக்கி இருத்தல், அல்லது உள்ளங்கையைச் சிறிது நேரம் விரித்துக் காட்டுதல். இவற்றுள் முதலிரண்டும் பயனர் கற்காமலே வருவதால் அவையே சிறந்தவை என்பது என் கருத்து. வீச்சுச் சைகைக்கு இன்னொரு பொறி உண்டு: கையை வலப்பக்கம் வீசியவர் அதை இடப்பக்கம் திரும்பக் கொண்டுவந்தே தீர வேண்டும். அந்தத் திரும்பும் நகர்வு எதிர்ச்சைகையாகப் பதிவாகாதிருக்க, ஒரு வீச்சுக்குப் பின் அரை விநாடி அளவுக்கு எதிர்த்திசையைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

அறிகுறி: சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது, சிலருக்கு அறவே இல்லை

'கை 40 செ.மீ. நகர்ந்தால் வீச்சு' என்று எழுதிய நிரல், உயரமானவரின் கைக்கு ஏற்றது. குழந்தைக்கும், நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் அது எட்டாத தொலைவு. அளவுகளை மில்லிமீட்டரில் வைக்காமல், அந்தந்தப் பயனரின் தோளகலத்தின் மடங்காகவோ, உள்ளங்கையின் நீளத்தின் பங்காகவோ வையுங்கள். தளர்ந்த நீண்ட சட்டைக்கை, புடவைத் தலைப்பு, துப்பட்டா ஆகியவை உடலோடு கையை ஒட்டிக் காட்டும். அவற்றை அணிந்தவர்களைச் சோதனையில் சேர்க்காமல் விட்டது இவ்வகைக் குறைகளில் அடிக்கடி வெளிப்படுகிறது.

அறிகுறி: கையில் பிடித்த இயக்க சென்சாரின் திசை தானே நகர்ந்துபோகிறது

கைரோஸ்கோப் அளப்பது சுழல்வேகத்தை. கோணம் வேண்டுமானால் அதைத் தொடர்ந்து கூட்ட வேண்டும். அசையாதபோதும் அது காட்டும் சிறு எண்ணும் சேர்ந்தே கூடும். விநாடிக்கு 0.1 பாகை பிழை ஒரு நிமிடத்தில் 6 பாகையாகிறது. கருவியை மேசையில் வைத்துச் சில விநாடிகள் எடுத்த சராசரியைக் கழிப்பது முதல் படி. வெப்பநிலையோடு அந்தச் சராசரியும் மாறுவதால், கருவி அசையாதிருக்கும் ஒவ்வொரு தருணத்திலும் அதைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. முன்பின் சாய்வையும் பக்கச் சாய்வையும் ஆக்சலரோமீட்டர் காட்டும் புவியீர்ப்புத் திசையைக் கொண்டு திருத்தலாம். கிடைமட்டத் திருப்பத்தை அதனால் திருத்த இயலாது; அதற்குக் காந்தமானி வேண்டும். அருகில் ஸ்பீக்கரோ இரும்பு மேசையோ இருந்தால் காந்தமானியும் பொய் சொல்லும்.

ஆக்சலரோமீட்டர் தரும் முடுக்கத்தை இருமுறை தொடர்ந்து கூட்டி இடத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சியை அடியோடு தவிர்த்துவிடுங்கள். சாய்வுக் கணிப்பில் அரைப் பாகைக்குச் சற்று மேலான பிழை நேர்ந்தாலே புவியீர்ப்பில் 100-இல் ஒரு பங்கு கிடைமட்ட முடுக்கமாகக் கசிகிறது. பத்து விநாடியில் அது கிட்டத்தட்ட 5 மீட்டர் பொய்யான நகர்வாகிவிடும்.

மெதுவான சைகை பிடிபட்டு, வேகமான சுண்டல் மட்டும் தவறினால், எண்கள் உச்சத்தில் முட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். பரவலாகப் புழங்கும் எம்பியு-6050 என்ற இயக்க சென்சார் சிப்பைத் தொடங்கும்போது அதன் கைரோ வரம்பு விநாடிக்கு 250 பாகை. மணிக்கட்டைச் சுண்டினால் அதை எளிதில் தாண்டிவிடும். 16 பிட் அளவீட்டின் உச்சமான 32767 என்ற எண் அடுத்தடுத்து வந்தால் வரம்பை 1000-க்கோ 2000-க்கோ உயர்த்துங்கள். அதே சிப்பில் எல்லா எண்ணும் பூச்சியமாகவே வந்தால், அது பழுதன்று: மின்சாரம் வந்ததும் அது உறக்க நிலையில்தான் இருக்கும், மின் மேலாண்மைப் பதிவகத்தில் 0 எழுதி எழுப்ப வேண்டும்.

அறிகுறி: இரண்டாவது கேமராவைச் சேர்த்ததும் முதலாவதும் கெட்டது

புள்ளிக்கோல வகையில் ஒன்றின் புள்ளிகள் மற்றொன்றின் கோலத்தில் கலந்துவிடுகின்றன. கேமராக்களில் ஒன்றைச் சிறு மோட்டாரால் அதிரவைத்தால், அதன் சொந்தக் கோலம் அதனோடே அசைவதால் தெளிவாகவும், மற்றதன் கோலம் கலங்கியும் தெரியும் என்று 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினர். வினோதமாகத் தோன்றினாலும் வேலை செய்யும் முறை அது. ஒளிப்பயண வகையில் ஒத்திசைவுக் கேபிளால் இணைத்து, ஒன்று ஒளி வீசும் நேரத்தில் மற்றது ஓய்ந்திருக்குமாறு தள்ளிவைக்க வேண்டும். அவ்வகையைச் சேர்ந்த மைக்ரோசாஃப்டின் அஸூர் கினெக்டுக்கு அத்தள்ளல் குறைந்தது 160 மைக்ரோ விநாடி. இரட்டைக் கேமரா வகைக்கு இக்கவலை இல்லை. அடுத்த கேமராவின் புள்ளிகள் வெற்றுச் சுவருக்குக் கூடுதல் அடையாளங்களாக அமைந்து அதற்கு உதவவே செய்கின்றன.